தலைமையாசிரியர் இடுப்பில் ஒரு பாட்டில்

கொல்லிமலையில் நான் கடைசியாகப் பணிபுரிந்த உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு மலரை, இப்போது அங்கே இருக்கும் இளம் ஆசிரியை ஒருவர் போன வாரம் அனுப்பியிருந்தார். சுற்றுச்சூழல் அறிவியல் பாடம் தொடங்கிய வரலாறு அதில் ஒரு பக்கத்துக்கு இருக்கிறது. "தொலைநோக்குப் பார்வையோடு அறிவியல் ஆசிரியை அவர்கள் தாமே முன்வந்து இப்பொறுப்பை ஏற்றார்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் முன்வரவில்லை. அன்றைக்கு நான் சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"உண்மையில் எப்படித் தொடங்கினீங்க மேடம்? அடுத்த மலர்ல விவரமாப் போடறோம்" என்று அந்தப் பெண் போனில் கேட்டாள். கேட்டுவிட்டாளே என்று எழுதுகிறேன். இதை அவர்கள் போடுவார்களா என்பது சந்தேகம்தான்.

வேதியியலில் ஒரு பட்டம், பி.எட்., சில வருடம் தனியார் பள்ளி, பிறகு அரசு வேலை, சமவெளியில் மூன்று பள்ளிகள். இவற்றை இந்த ஒரு வரியோடு விட்டுவிடலாம். சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் மலைக்கு மாற்றலாகிப் போன பிறகுதான்.

என் வீடு காளப்பநாயக்கன்பட்டியில். அங்கிருந்து மேலே போக எழுபது கொண்டை ஊசி வளைவு. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே ஏறுவேன். பெரும்பாலும் அறுபதாவது வளைவு வரை தாங்கும். அன்று ஆசிரியர் கூட்டம் பத்து மணிக்கு. நான் சோளக்காட்டில் இறங்கி, முகம் கழுவி, ஒரு டீ குடித்து, பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து எல்லோரும் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் ஒரேயடியாகக் கை தட்டினார்கள். வராதவர் தலையில் கட்டுவது எல்லாப் பள்ளியிலும் உள்ள மரபு.

ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் மூன்று பீரியட் சுற்றுச்சூழல் அறிவியல். ஒரு வருடம் சோதனையாக நடத்த வேண்டும். வருடக் கடைசியில் மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இருந்தால் தொடரும், இல்லாவிட்டால் அந்த மூன்று பீரியடும் மறுபடி கணக்குப் பாடத்துக்கே போய்விடும். புத்தகம் பின்னால் வரும் என்றார்கள். அது பின்னால்கூட வரவில்லை.

எங்கள் தலைமையாசிரியர் வேலுசாமி சார் கணக்கு வாத்தியாராக இருந்து உயர்ந்தவர். குரலை உயர்த்தியே பேச மாட்டார். எதைக் கேட்டாலும் "எழுத்துல குடுங்க" என்பார். எழுதிக் கொடுத்தால் மேலிருந்து கீழே ஒரு தடவை படிப்பார். பிறகு கூட்டல் கணக்கைச் சரிபார்ப்பதுபோல் கீழிருந்து மேலே ஒரு தடவை படிப்பார். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுப்பார். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று நான் எழுதிய விண்ணப்பம் மூன்று முறை சுழித்து வந்தது. நான்காவது முறை பிழை இல்லை. தாழ்ப்பாள் வந்தது.

அவருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, அச்சுக் கோத்தது போன்ற தன் கையெழுத்து. மற்றது, அவர் அறை மூலையில் முக்காலி மேல் இருந்த மண்பானை. பள்ளிக்குப் பின்னால் உள்ள ஊற்றிலிருந்து அலுவலக உதவியாளர் பொன்னண்ணன் தினமும் காலையில் ஒரு குடம் கொண்டுவந்து அதை நிரப்புவார். பானைக்கு மூடி, மூடிக்கு மேல் சாரின் மனைவி கொக்கியூசியால் பின்னிய வெள்ளை வலை. எந்த அதிகாரி மலையேறி வந்தாலும் முதல் உபசாரம் அந்தத் தண்ணீர்தான். "மூலிகை வேர்ல பட்டு வர்ற தண்ணிங்க. எழுபது வளைவுக் களைப்பும் ஒரு டம்ளர்ல போயிரும்" என்பார். எனக்கும் கொடுத்திருக்கிறார். களைப்பு போனது என்றே நானும் சொல்லியிருக்கிறேன்.

புத்தகம் இல்லாததால், சமவெளியில் வாங்கிய நோட்ஸை வைத்துக்கொண்டு முதல் வாரம் ஆலைப் புகை பற்றி நடத்தினேன். மலையில் ஆலை இல்லை. நகரங்களில் புகையும் பனியும் கலந்து எதிரில் இருப்பவர் தெரியாதபடி மூடிவிடும் என்று நான் விவரித்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக மஞ்சு மூட்டம் உள்ளே வந்து கடைசி பெஞ்சை மறைத்துவிட்டது. "இதுங்களா டீச்சர்?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. இல்லை என்றேன்.

அடுத்த வாரம் அழிந்துவரும் உயிரினங்கள். பட்டியலை எழுதிப் போட்டு முடித்ததும் முதல் பெஞ்சில் ரஞ்சிதா எழுந்தாள். மலையிலேயே பெரக்கரை நாடு என்ற ஊர்த் தொகுதியிலிருந்து வரும் பெண். குடும்பத்துக்கு மிளகும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் சாமையும்தான் வெள்ளாமை.

"டீச்சர், காட்டுப்பன்னி அந்தப் பட்டியல்ல இல்லீங்களே. அது எப்பங்க அழியும்?"

"ஏன் கண்ணு?"

"எங்க கெழங்குக் காட்டையெல்லாம் தோண்டிப்போட்டுருச்சுங்க. எங்கப்பா கேட்டுக்கிட்டு வரச் சொன்னாருங்க."

அன்று மாலை நோட்ஸைப் பையில் வைத்தேன். மறுபடி எடுக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாத, ஆனால் தேவையான ஒன்றைக் கண்டுபிடித்து நடத்த வேண்டும் என்று தோன்றியது. யோசித்துப் பார்த்ததில் தண்ணீர் அகப்பட்டது. ஊற்று, கிணறு, தொட்டி என்று ஊருக்கு ஒரு விதமாகக் குடிக்கிறார்கள். எது நல்லது என்று யாரும் பார்த்ததில்லை. நாமக்கல்லில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருந்த என் தோழி ஒரு பெட்டி நிறையச் சோதனைப் பாட்டில்கள் கொடுத்தாள்.

கட்டைவிரல் உயரக் கண்ணாடிப் பாட்டில். உள்ளே மருந்து ஏற்றிய ஒரு காகிதத் துண்டு. கோடு வரை தண்ணீர் ஊற்றி, இறுக மூடி, ஒரு நாள் இரண்டு நாள் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். மனிதக் கழிவோ மிருகக் கழிவோ கலந்த தண்ணீராக இருந்தால் மை போலக் கறுத்துவிடும். நல்ல தண்ணீர் என்றால் லேசான மஞ்சளாகவே இருக்கும். கறுத்ததைத் திறக்கக் கூடாது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். முடிந்ததும் என்னிடம் கொடுத்துவிட வேண்டும், நான் ப்ளீச்சிங் பவுடர் போட்டுப் புதைப்பேன்.

இதில் ஒரே சிக்கல் கதகதப்பு. அது மார்கழி மாதம். மலையில் கதகதப்பாக இருப்பது அடுப்பும் மனிதர்களும்தான். அடுப்பில் வைத்தால் வெந்துவிடும். ஆகவே ஒரு துணிப்பையில் பாட்டிலைப் போட்டு, ஸ்வெட்டருக்கு உள்ளே இடுப்போடு கட்டிக்கொள்ளச் சொன்னேன். யார் வீட்டுத் தண்ணீரோ அவர்தான் கட்ட வேண்டும் என்று பிள்ளைகளே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் ரஞ்சிதாவின் அப்பா வந்துவிட்டார். தோளில் துண்டு, முகத்தில் நியாயம் கேட்க வந்த களை.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ள இடுப்புல பாட்டலு கட்டிக்கிட்டுத் திரியுது. கேட்டா பாடம்ங்கறா. பாட்டலு எந்தப் பள்ளிக்கொடத்துலீங்க பாடமா இருக்குது?"

நான் விளக்கினேன். கோழி அடைகாப்பதுபோல என்று சொன்னதும் அவருக்குப் பிடிபட்டது.

"அப்ப அதுல என்னங்க பொரியும்?"

"ஒண்ணும் பொரியாம இருந்தா நல்ல தண்ணிங்க."

"எங்க ஊத்துல ஒண்ணும் பொரியாதுங்க. வேணும்னா பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. அந்த ஊற்று மஞ்சளாகவே இருந்தது.

மொத்தம் இருபத்து நான்கு இடத்துத் தண்ணீர் பார்த்தோம். நான்கு கறுத்தன. மூன்று, ஊர்களில் இருந்த தொட்டியும் கிணறும். பிள்ளைகளே போய் உரியவர்களிடம் பாட்டிலைக் காட்டினார்கள். ஒருத்தர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. தொட்டியைக் கழுவினார்கள், கிணற்றோரம் மாடு கட்டுவதை நிறுத்தினார்கள். மறுபடி சோதித்தபோது மூன்றும் மஞ்சள்.

நான்காவது பாட்டில் எண் பதினேழு. அதை ரஞ்சிதா என் மேசைமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"இது எந்த ஊர்?"

"ஊரு இல்லீங்க டீச்சர். ஹெச்.எம். சார் பானைங்க."

நான் பாட்டிலைக் கையால் மறைத்துக்கொண்டேன். "அங்க எப்படிப் போனே?"

"பள்ளிக்கொடத்துல ஆளுங்க குடிக்கிற தண்ணியெல்லாம் எடுக்கோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. பொன்னண்ணங்கிட்ட குடிக்கத் தண்ணி கேட்டேங்க. ஒரு டம்ளர் குடுத்தாரு. பாதிய பாட்டல்ல ஊத்திக்கிட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "மீதிய நான் குடிச்சுட்டேங்க டீச்சர்."

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி ஒரு பாட்டில் எடுக்கச் சொன்னேன். அதுவும் கறுத்தது. ஆனால் அந்தத் தண்ணீர் வரும் ஊற்று, எண் பதினாறு, மஞ்சளாக இருந்தது. ஊற்றில் நல்லதாக இருக்கும் தண்ணீர் சாரின் அறைக்குள் வந்தால் கெட்டுப்போகிறது.

அதிகாரி வரும் நாள் நெருங்கியது. பெரிய அட்டையில் இருபத்து நான்கு வரிகளும் எழுதி, மஞ்சள் வட்டம், கறுப்பு வட்டம் போட்டுச் சாரிடம் எடுத்துப் போனேன். மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே வந்தார். பதினேழில் விரல் நின்றது.

"டீச்சர், இது யாரு பானை?"

"உங்க அறையிலதாங்க சார் இருக்குது."

சார் பானையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளை வலைக்குள் அது பாட்டுக்கு இருந்தது.

"ஆய்வுக்கு வர்ற மேடம் இந்தத் தண்ணிய ரெண்டு தடவை குடிச்சிருக்காங்க. ரெண்டாவது தடவை, அவங்க கொண்டுவந்த பாட்டில்ல ரொப்பிக்கிட்டும் போனாங்க" என்றார் மெதுவாக. "இந்த ஒரு வரி இல்லீன்னா பாடம் நிக்கப் போறதில்ல. பார்த்துச் செய்யுங்க."

மிரட்டவில்லை. கெஞ்சுவது போலவே இருந்தது. நானும் பார்த்துச் செய்தேன். பதினேழாம் வரிமேல் ஒரு வெள்ளைத் தாளை அளவாக வெட்டி ஒட்டிவிட்டேன். ஆண்டு மலரில் தொலைநோக்கு என்று எழுதியிருப்பது இந்த அறிவியல் ஆசிரியையைத்தான். வரிசை எண்களை மாற்ற வேண்டும் என்ற தூரம்கூட அவள் நோக்கவில்லை.

மறுநாள் அட்டையை வகுப்பில் மாட்டியதும் ரஞ்சிதா எழுந்துவிட்டாள்.

"டீச்சர், பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு வருதுங்க."

வகுப்பே எண்ணிப் பார்த்தது. நான் டஸ்டரைத் தேடுவதுபோல் மேசையைத் தேடினேன்.

"சார் வேண்டாம்னாருங்களா?"

டஸ்டர் அகப்பட்டதும் எழுதாத பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"தொட்டிக்காரங்ககிட்டச் சொன்னோம், கழுவுனாங்க. கெணத்துக்காரங்ககிட்டச் சொன்னோம், மாட்டை அவுத்துக் கட்டுனாங்க. சார்கிட்ட மட்டும் ஏனுங்க டீச்சர் சொல்லக் கூடாது? அவரும் அதத்தானே குடிக்கிறாரு?"

அவள் கேட்டதில் துடுக்கு இல்லை. சார் குடிக்கிறாரே என்ற கவலைதான் இருந்தது. எனக்கு அந்தக் கவலை ஒரு நொடிகூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் பயந்ததெல்லாம் அதிகாரிக்கும் பாடத்துக்கும்தான். முப்பது பிள்ளைகள் பார்க்க அந்தத் தாளை உரித்தேன். பாதி எழுத்து அதோடு வந்துவிட்டது.

ரஞ்சிதாவைக் கூட்டிக்கொண்டு, புதிய பாட்டில் ஒன்றோடு சாரின் அறைக்குப் போனேன். "சார், வரிய மறைக்க முடியலீங்க. சந்தேகம் இருந்தா நீங்களே ஒரு தடவை செஞ்சு பாருங்க."

"ஏற்கெனவே எத்தனை தடவை பார்த்தீங்க?"

"ரெண்டு தடவைங்க சார்" என்றாள் ரஞ்சிதா.

சார் கொஞ்ச நேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். "ரெண்டு தடவை ஒரே விடை. மூணாவதையும் போட்டுப் பார்த்துருவோம்" என்று எழுந்தார். தன் கையாலேயே பானையிலிருந்து எடுத்துக் கோடு வரை ஊற்றி, மூடியைத் திருகினார். மேசைமேல் வைக்கப் போனார்.

"சார், அங்க வெச்சா வேலைக்கு ஆகாதுங்க. குளிருதுங்க. இடுப்புல கட்டோணும்."

"யாரு?"

"யாரு தண்ணியோ அவங்கதாங்க சார். அது எங்க க்ளாஸ் சட்டம்."

நான் சுவரில் இருந்த கால அட்டவணையை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தேன். ரஞ்சிதா தன் சடையிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பனை அவிழ்த்து நீட்டினாள். சார் வாங்கிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனார்.

அன்று மாலையே உடற்கல்வி ஆசிரியர் என்னிடம் வந்து, "டீச்சர், வெளிய சொல்லாதீங்க. ஹெச்.எம். சட்டைக்குள்ள பாட்டில் வெச்சிருக்காரு. நான் கண்ணால பார்த்தேன். இந்த வயசுல இப்படி ஆயிட்டாரே" என்று வருத்தப்பட்டார். பாவம், அவர் விடியும்வரை மூன்று பேருக்குத்தான் சொன்னார்.

மறுநாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் சார் என்னையும் ரஞ்சிதாவையும் கூப்பிட்டார். திரும்பி நின்று அவிழ்த்து மேசைமேல் வைத்தார். சிவப்பு ரிப்பனின் நடுவே பாட்டில் மை போலக் கறுத்திருந்தது.

ரிப்பனைப் பிரித்து மடித்து ரஞ்சிதாவிடம் நீட்டினார். பிறகு என்னிடம் சொன்னார்: "ஒரு மாசமா எனக்கு வயிறு சரியில்லீங்க டீச்சர். வீட்டுக்காரி சமையல்லதான் கோளாறுன்னு தெனமும் அவங்களைப் பேசிக்கிட்டு இருந்தேன். நேத்துக்கூட."

அப்புறம் ஏன் கெடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஊற்று சரி. பொன்னண்ணனின் குடத்திலிருந்து ஒரு பாட்டில் எடுத்துப் பார்த்தோம், அதுவும் சரி. கெடுதல் பானைக்குள்தான் நடக்கிறது. பகலில் அந்த அறை காலியாக இருக்கும் நேரம் எது என்று பிள்ளைகள் கணக்கெடுத்தார்கள். மதியச் சாப்பாட்டைப் பார்வையிடச் சார் போவார். அதே நேரம் பொன்னண்ணன் மணியடிக்கப் போவார். ரஞ்சிதாவும் இரண்டு பெண்களும் எதிர் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.

மணி அடித்தது. ஜன்னலோரப் பலாக்கிளை அசைந்தது. காது கிழிந்த கிழட்டுக் குரங்கு ஒன்று, பழகிய ஆளைப்போல உள்ளே இறங்கியது. வலையை எடுத்து ஓரமாக வைத்தது. மூடியைத் தள்ளியது. கையை முழங்கை வரை விட்டு அள்ளி இரண்டு வாய் குடித்தது. மறுபடி கையை விட்டு முகம் கழுவிக்கொண்டது. பிறகு சார் நாற்காலியின் முதுகில் ஏறி ஜன்னல் வழியாகப் போய்விட்டது. சிறிது நேரத்தில் பொன்னண்ணன் வந்தார். மூடியை நேராக்கி, வலையைப் போட்டு, நாற்காலியைத் துடைத்தார்.

சாரிடம் சொன்னதும் பொன்னண்ணனைக் கூப்பிட்டார். "ஏண்ணே, மூடி தெறந்து கெடக்குதுன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்கதான் தெறந்து போட்டுட்டுப் போறீங்கன்னு இருந்தேனுங்க. பெரியவங்ககிட்ட அதப் போயி எப்படிங்க சொல்றது?"

"நானும் பல நாள் மூடி கோணலா இருக்கறதைப் பார்த்தேன். நீங்கதான் சரியா மூடறதில்லைன்னு நெனச்சேன். வயசுல பெரியவர், எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளாகக் குரங்கைக் காப்பாற்றியது இருவருடைய மரியாதைதான்.

ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தோம். பானை போய்க் குழாய் வைத்த பாத்திரம் வந்தது. அட்டையில் கிழிந்துபோன பதினேழாம் வரியை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது சார் பேனாவைக் கேட்டு வாங்கினார். "தலைமையாசிரியர் அறைப் பானை. மூன்று சோதனை, மூன்றும் கறுப்பு. காரணம்: குரங்கு. தீர்வு: கம்பி வலை" என்று தம் அச்சுக் கையெழுத்தில் எழுதிக் கறுப்பு வட்டமும் போட்டார்.

அதிகாரி அம்மா வந்தார். கண்டிப்பானவர் என்று பெயர். சார் அறைக்குள் வந்ததும் வழக்கம்போல மூலையைத்தான் பார்த்தார். பானையைக் காணாமல் முகம் சற்று வாடியது. அவருக்காக அங்கேயே கொண்டுவந்து மாட்டியிருந்த அட்டையிடம் நேராக வந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பதினேழுக்கு வந்ததும் நின்றார். திரும்பினார்.

"போன தடவை நான் குடிச்சது?"

"அதே பானைதாங்க மேடம்" என்றார் சார்.

"வீட்டுக்கு ஒரு பாட்டில் புடிச்சுக்கிட்டுப் போனேனே?"

"அதுவும்தாங்க மேடம்."

எனக்கு மூன்று பீரியடும் கணக்குப் பாடத்துக்குப் போவது கண்ணில் தெரிந்தது. அப்போது அட்டையோரம் நின்றிருந்த ரஞ்சிதா, அம்மாவுக்குத் தைரியம் சொல்வது தன் கடமை என்பதுபோல, "கொரங்குக்கு ஒண்ணும் ஆகலீங்க மேடம். நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள்.

அதிகாரி அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சார் ஒரு அடி முன்னால் போனார். திரும்பியபோது கண்ணில் நீர் இருந்தது, ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ரஞ்சிதாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். எப்படிப் பிடித்தாய், எத்தனை நாள் கட்டினாய், ஊற்று நல்லது என்று எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய ஆய்வு மதியச் சாப்பாடு வரை போனது.

"இதை எழுத உங்க ஹெச்.எம். ஒத்துக்கிட்டாரா?"

"எழுதுனதே அவருதாங்க மேடம். கட்டுனதும் அவருதாங்க."

அவர் சாரைப் பார்த்த பார்வையில், அதுவரை எந்த மூலிகைத் தண்ணீரும் வாங்கித் தராத ஒரு மரியாதை இருந்தது. கிளம்பும்போது என்னிடம் தனியாக, "எங்க ஆபீஸ்லயும் ஒரு தண்ணித் தொட்டி இருக்குது டீச்சர். ரெண்டு பாட்டில் குடுங்க" என்று வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. சுற்றுச்சூழல் அறிவியல் பாடம் தொடர்ந்து நடத்தப்பட வேண்டும். அதனோடு, கையால் எழுதிய ஒரு சிறு தாள்: மேலும் இருபது சோதனைப் பாட்டில்கள் உடனே அனுப்பவும். முதலில் கொண்டுபோன இரண்டும் என்ன ஆயின என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

வகுப்பில் அதைப் படித்துக் காட்டினேன். "அங்க தண்ணி எப்படி இருந்துச்சுன்னு சொல்லலீங்களே?" என்றான் ஒருவன்.

ரஞ்சிதா நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"மஞ்சளா இருந்திருந்தா எதுக்குடா இன்னும் இருபது?"